பழைய டெலிபோன் கேபிளும் இ-வேஸ்ட்டும்: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

தொலைத்தொடர்பு வேலை எடுக்கும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் பதினான்கு வருடமாக ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்த பிறகு புதிது போடுகிற வேலைக்குச் சமமாகப் பழையதைக் கழிக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. அதிலிருந்து போன் ஓய்வதில்லை. கேபிள் டிவிக்காரர், அடுக்குமாடிச் சங்கச் செயலாளர், ரோடு வேலை மேஸ்திரி, பக்கத்து வீட்டு ஆசிரியை என்று ஆள்தான் மாறுகிறது, சந்தேகம் மாறுவதில்லை. ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட விதத்திலேயே இருக்கின்றன. விதிகள் இந்திய விதிகள், அனுபவம் தமிழ்நாட்டு அனுபவம்.

பழைய கேபிளும் இ-வேஸ்ட் தானே சார்? எல்லாத்துக்கும் ஒரே சட்டம் தானே?

இல்லை. குழப்பத்தில் முக்கால்வாசி இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு பழைய எக்ஸ்சேஞ்சைக் காலி செய்தால் கிடைக்கும் குவியலில் மூன்று விதிப் புத்தகங்கள் கலந்து கிடக்கும். போன், மோடம், ரௌட்டர், கம்ப்யூட்டர், யுபிஎஸ் பெட்டி போன்றவை மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-க்குள் வரும். 2022 நவம்பரில் அறிவித்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை இவை. பேட்டரி எந்த வகையானாலும் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022. செம்புக் கேபிள் இந்த இரண்டிலும் சேராது. அதற்கு ஆபத்தான மற்றும் பிற கழிவுகள் விதிகள் 2016.

ஆகவே விலை பேசுவதற்கு முன்னால் குவியலை மூன்றாகப் பிரியுங்கள். 'எல்லாம் சேர்த்து ஒரே லாட்டு, ஒரே ரேட்டு' என்று வருகிறவர் உங்களுக்கு வேலையைக் குறைப்பது போலத் தெரியும். மூன்றுக்கும் அனுமதி வைத்திருக்கிற ஆள் அபூர்வம். அவரிடம் அனுமதி இல்லாத பங்கு எங்கே போனது என்ற கேள்வி பின்னால் உங்களிடம்தான் வரும்.

சாதனத்தோடு ஒட்டியிருக்கிற வயர் மட்டும் விதிவிலக்கு. சார்ஜர் வயர், மானிட்டரின் பவர் கார்டு எல்லாம் அந்தச் சாதனத்தின் பாகம்தான். அவற்றைக் கத்தரித்துத் தனியாகக் கேபிள் குவியலில் போட வேண்டாம்.

இ-வேஸ்ட் பட்டியல்ல எதெல்லாம் இருக்கு?

2022 விதிகளின் முதல் அட்டவணையில் 106 பொருள்கள். பழைய விதிகளில் 21 வகைகள்தான் இருந்தன. தொலைத்தொடர்புப் பக்கம் பார்த்தால் லேண்ட்லைன் போன், கார்ட்லெஸ், செல்போன், ஃபேக்ஸ், மோடம், ரௌட்டர், ஜிபிஎஸ், செட்டாப் பாக்ஸ் எல்லாம் உண்டு. டெலக்ஸ் இயந்திரமும் காயின் போனும்கூட இன்னும் பட்டியலில் இருக்கின்றன. பெட்டிக்கடை வாசலில் ஒரு ரூபாய் போட்டுப் பேசிய அந்தப் போன் எங்கள் ஸ்டோரில் பதினோரு உருப்படி இருந்தது. பட்டியலில் பெயரைப் பார்த்ததும் எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஜெல்லி கேபிள் எப்படி ஆபத்தான கழிவு ஆச்சு? அதுல என்ன விஷமா இருக்கு?

விஷம் என்று சொல்லும்படி அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. செம்பு, அதன் மேல் பாலித்தீன் உறை, ஜோடிகளுக்கு இடையில் வாசலின் மாதிரி ஒரு பிசின், மேலே அலுமினியத் தாள், அதற்கும் மேல் கறுப்பு உறை. மண்ணில் போடுகிற ரகத்துக்கு இரும்புப் பட்டையும் சுற்றியிருக்கும். எங்காவது உறை கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கினால் அது கேபிளுக்குள் ஓடி எல்லா லைனையும் கெடுக்காமல் தடுக்கத்தான் அந்த ஜெல்லி. சிறு வயதில் லைன்மேன் போட்டுவிட்டுப் போன துண்டுகளில் மோதிரமும் செயினும் பின்னியவர்களுக்கு அந்த வயரைத் தெரியும். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் ஒரு பக்கம். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா இன்னொரு பக்கம். ஐயைந்து இருபத்தைந்து ஜோடி, ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. வயரை எடுத்ததும் முதல் வேலை விரலைச் சட்டையில் துடைப்பது, அடுத்தது வீட்டில் அடி வாங்குவது. சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய்தான்.

சரி, பட்டியலில் ஏன் வந்தது? 2016 விதிகளின் நான்காம் அட்டவணை, சாதாரணமாக மறுசுழற்சி செய்யப்படும் ஆபத்தான கழிவுகளின் பட்டியல். அதில் 'ஜெல்லி நிரப்பிய செம்புக் கேபிள்' தனி வரியாகவே இருக்கிறது. பிவிசி உறை போட்ட செம்புக் கம்பிக் கழிவுக்கும் ஒரு வரி உண்டு. பொருள் சும்மா கிடந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. அதிலிருந்து செம்பைப் பிரிக்கிற விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது. எரித்தால் புகை, கழுவினால் எண்ணெய்த் தண்ணீர், உரித்தால் ஜெல்லி ஒட்டிய பிளாஸ்டிக் மலை. இது மூன்றையும் சமாளிக்க வசதியுள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும் என்பதற்காகவே அந்த வரி.

வீட்டுல ரெண்டு பழைய போன், நாலு சார்ஜர், ஒரு பத்து மீட்டர் வயர் கிடக்கு. நானும் படிவம் எல்லாம் நிரப்பணுமா?

வேண்டாம். உங்களிடம் யாரும் படிவம் கேட்க மாட்டார்கள். விதிகளின் பாரமெல்லாம் தயாரிப்பவர், இறக்குமதி செய்து விற்பவர், மறுசுழற்சி செய்பவர், பெரிய அளவில் பயன்படுத்தும் நிறுவனம் ஆகியோர் தலையில்தான். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. குப்பை வண்டியில் ஈரக் குப்பையோடு போடாமல் தனியாக வைத்து, நிறுவனங்களின் சேகரிப்புப் பெட்டியிலோ உள்ளாட்சி இ-வேஸ்ட் சேகரிக்கும் நாளிலோ கொடுத்துவிடுங்கள். புதியது வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. வயிறு உப்பிய செல்போன் பேட்டரியை மேசை டிராயரில் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். அதை அழுத்தாதீர்கள், ஊசியால் குத்திக் காற்று எடுக்கப் பார்க்காதீர்கள். தீப்பிடித்தால் நிமிடத்தில் அறை முழுவதும் புகை. தனி டப்பாவில் காய்ந்த மணல் போட்டு வைத்து, முதல் வாய்ப்பில் கொடுத்துவிடுங்கள்.

லேண்ட்லைனைச் சரண்டர் பண்ணி அஞ்சு வருஷம் ஆச்சு. வாசல்ல தொங்குற வயரை அறுத்து எடுத்துக்கலாமா?

வயர் உங்களுடையது அல்ல, சேவை கொடுத்த நிறுவனத்துடையது. உபயோகத்தில் இல்லை என்பதால் உரிமை கைமாறிவிடாது. அவர்களுக்கு எழுதிப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் உங்கள் எலக்ட்ரீசியன் இழுத்த வயர் உங்களுடையது, அதை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

எரிச்சா செம்பு சுலபமா வருதே. கொஞ்சமா, ஊருக்கு வெளியில எரிச்சா என்ன?

இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருமுறை எரித்தவர்களாக இருப்பார்கள். வீட்டு வயரிங்கில் வரும் பிவிசி உறையில் குளோரின் இருக்கிறது. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும். தொண்டை கரிப்பது அதனால்தான். அதைவிட மோசமானவை டையாக்ஸின், ஃப்யூரான். குளோரினும் கரியும் அரைகுறை வெப்பமும் சேரும்போது இவை உருவாகும். பக்கத்தில் செம்பு இருந்தால் அந்த வினை இன்னும் வேகமாக நடக்கும். அதாவது செம்புக் கம்பியை எரிப்பது டையாக்ஸின் தயாரிக்கத் தோதான ஏற்பாடு. இவை மண்ணில் இறங்கி, புல்லில் ஏறி, மாட்டின் கொழுப்பில் சேர்ந்து பாலில் வரும். 'ஊருக்கு வெளியில்' என்று நீங்கள் சொல்கிற இடத்தில்தான் மாடு மேய்கிறது. பழைய பிவிசியில் நிலைப்புக்காக ஈய உப்புகளும் சேர்த்திருப்பார்கள், அது சாம்பலோடு தங்கிவிடும்.

ஜெல்லி கேபிளில் உறை பாலித்தீன்தானே, குளோரின் இல்லையே என்று ஒரு பொறியாளர் தம்பி வாதாடினார். சரிதான். ஆனால் அந்த ஜெல்லியே எண்ணெய். பற்றிக்கொண்டால் கரும்புகை ஒரு கிலோமீட்டருக்குத் தெரியும், அணைப்பதும் லேசில்லை. அதோடு குவியலில் பிவிசி வயர் கொஞ்சமாவது கலந்திருக்காமல் நான் பார்த்ததில்லை.

திறந்த வெளியில் கழிவை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே தடை போட்டு, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று இழப்பீடு வைத்தது. இதெல்லாம் காதில் ஏறாதவர்களுக்கு வியாபாரக் கணக்கு ஒன்று சொல்வேன். எரித்த செம்பு கறுத்து, மேல்பக்கம் செதிலாகி, எடையும் குறைந்து வரும். உரித்த செம்பு பளபளவென்று இருக்கும். இரண்டுக்கும் கடையில் ஒரே விலை கிடைக்காது.

காயலான் கடையில போடக்கூடாதுன்னா அவங்க பிழைப்பு என்ன ஆகும்?

நியாயமான கேள்வி. ஒரு மதர்போர்டை ஐந்து நிமிடத்தில் ஸ்குரூ ஸ்குரூவாகக் கழற்றுகிற திறமை அந்தக் கடைகளில்தான் இருக்கிறது. வெறும் இரும்புக் கம்பம், பிராக்கெட், காலி டிரம் எல்லாம் நாங்களே அங்கேதான் போடுகிறோம், அதற்குத் தடை இல்லை. சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. சர்க்யூட் போர்டை அமிலத்தில் ஊறவைப்பதும், வயரை இரவில் கொளுத்துவதும், பழைய டிவியின் ஈயம் கலந்த கண்ணாடியை வாய்க்காலில் கொட்டுவதும் அங்கிருந்து வாங்குகிறவர்களிடம் நடக்கிறது. மூச்சில் அதை வாங்குவதும் அதே ஆட்கள்தான்.

பிரிக்கும் வேலையில் இருப்பவர்களை அடையாளம் கண்டு பதிவு செய்வது, பயிற்சி தருவது, தொழிற்பேட்டைகளில் இடம் ஒதுக்குவது எல்லாம் மாநில அரசின் பொறுப்பு என்று 2022 விதிகளே சொல்கின்றன. காகிதத்தில் இருக்கிற வேகம் களத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பதிவு பெற்ற ஆள்னு சொல்லி ஒரு ஜெராக்ஸ் காட்டுறாங்க. எப்படி நம்புறது?

நம்பாதீர்கள், பாருங்கள். இ-வேஸ்ட்டுக்கு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இணைய முகப்பில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியல் இருக்கிறது. ஜெராக்ஸில் உள்ள பெயர் அதில் இருக்கிறதா, முகவரி ஒன்றா, காலாவதி ஆகவில்லையா என்று ஒப்பிடுங்கள். 2022 விதிகளில் பதிவு நான்கு வகைதான். உற்பத்தி செய்பவர், விதி 'தயாரிப்பாளர்' என்று சொல்லும் பிராண்டுக்காரரும் இறக்குமதியாளரும், புதுப்பித்து விற்பவர், மறுசுழற்சியாளர். 'சேகரிப்பு மையம்', 'பிரித்தெடுப்பவர்' என்று பழைய விதிகளின் கீழ் வாங்கிய அனுமதியை இன்னும் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அது இப்போது செல்லாது.

கேபிளுக்கு வேறு காகிதம். மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2016 விதிகளின்படி கொடுத்த அங்கீகாரம், அதில் ஜெல்லி கேபிள் அல்லது உறையிட்ட செம்புக் கம்பி என்று பெயர் குறிப்பிட்டு, வருடத்துக்கு இத்தனை டன் என்று எழுதியிருக்க வேண்டும். ஒருமுறை எங்களிடம் வந்தவரின் காகிதம் அச்சு அசலாக இருந்தது, முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில் அனுமதித்த பொருள் 'பயன்படுத்திய எண்ணெய்' என்று போட்டிருந்தது. முதல் பக்கத்தோடு நின்றிருந்தால் நான்கு டன் கேபிளை ஏற்றி அனுப்பியிருப்போம்.

எங்க ஆபீஸ்ல 60 கம்ப்யூட்டர் தான். நாங்க 'பெரிய நுகர்வோர்'ல வருவோமா?

ஒரு நிதியாண்டில் எந்த நேரத்திலாவது அட்டவணைப் பொருள்கள் 1,000 உருப்படியாவது உபயோகத்தில் இருந்தால்தான் பெரிய நுகர்வோர். ஆனால் எண்ணும்போது கம்ப்யூட்டரோடு நின்றுவிடாதீர்கள். பிரிண்டர், போன், ஏசி, ஃப்ரிட்ஜ், ஃப்ளோரசன்ட் ட்யூப் எல்லாம் அட்டவணையில் இருக்கின்றன. 300 கம்ப்யூட்டர் உள்ள ஒரு கல்லூரி, ட்யூப்லைட்டை எண்ணிப் பார்த்ததும் ஆயிரத்தைத் தாண்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

தாண்டிவிட்டால் கடமை இதுதான்: இ-வேஸ்ட்டைப் பதிவு பெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். தாண்டாத அலுவலகங்களும் அப்படியே செய்துவிட்டுப் போவது நல்லது, செலவு ஒன்றும் இல்லை.

நாங்க குறுந்தொழில் பதிவு வெச்சிருக்கோம். எங்களுக்கு விலக்குன்னு ஆடிட்டர் சொன்னாரே?

ஆடிட்டர் பாதி சொல்லியிருக்கிறார். மின்னணுக் கழிவு விதிகள் 2022 குறுந்தொழில்களுக்குப் பொருந்தாது என்று விதியிலேயே இருக்கிறது. அந்த விலக்கு அந்த விதிகளோடு முடிந்தது. முதல் பதிலில் சொன்ன மூன்று புத்தகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கிடைத்த விலக்கைக் காட்டி ஜெல்லி கேபிள் லாரியைச் செக்போஸ்ட் தாண்ட வைக்க முடியாது.

கழற்றின கேபிளை எத்தனை நாள் ஸ்டோர்ல வெச்சிருக்கலாம்? விலை ஏறட்டும்னு முதலாளி சொல்றார்.

ஆபத்தான கழிவை 90 நாள் வரை வைக்கலாம். வருடத்துக்குப் பத்து டன்னுக்குள் உண்டாகும் சிறிய இடங்களுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தர வழி உண்டு. ஆனால் அதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. இ-வேஸ்ட்டில் தயாரிப்பாளர், மறுசுழற்சியாளர் போன்றவர்களுக்கு 180 நாள்.

வைத்திருக்கும் காலத்தில் தார்ப்பாய் போட்டு, சிமென்ட் தரையில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் வெட்டிய முனையிலிருந்து ஜெல்லி உருகி வடியும். மே மாதத்தில் எங்கள் யார்டில் ஒரு நாய் அதில் படுத்துவிட்டு எழுந்து போய், முதலாளியின் காரில் உரசியது. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு ஷெட் கிடைத்தது.

எக்ஸ்சேஞ்ச் பேட்டரி, யுபிஎஸ் பேட்டரி?

யுபிஎஸ் பெட்டி இ-வேஸ்ட், உள்ளே இருக்கிற பேட்டரி பேட்டரி விதி. கழற்றித் தனியாக எடை போட்டு, பதிவு பெற்ற பேட்டரி மறுசுழற்சியாளருக்கோ, புதியதற்கு மாற்றாக விற்பனையாளருக்கோ கொடுங்கள். அமிலத்தை வடித்துவிட்டுக் கொண்டுவந்தால் நல்ல விலை தருவேன் என்கிறவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வடித்த அமிலம் எங்கே போகும் என்று அவர் சொல்ல மாட்டார்.

கேபிள் டிவி வயர் ரெண்டு டன் இருக்கு. செம்பு விலைக்குக் கேட்கலாமா?

கையில் ஒரு காந்தம் எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டுக்கு இழுக்கிற ஆர்ஜி-6 வயரின் நடுக்கம்பி பார்க்கச் செம்பாக இருக்கும், பெரும்பாலும் அது இரும்பின் மேல் செம்புப் பூச்சுதான். காந்தம் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். சுற்றியிருக்கும் வலை அலுமினியம், மிச்சம் நுரை பிளாஸ்டிக், மேலே பிவிசி. இதைச் செம்பு விலைக்கு வாங்க எந்த வியாபாரியும் பிறக்கவில்லை. எரிப்பவர்களுக்கும் இதில் லாபம் இல்லை, ஆனாலும் எரிக்கிறார்கள். பிவிசி இருப்பதால் மேலே புகையைப் பற்றிச் சொன்னதெல்லாம் இதற்கும் உண்டு.

செட்டாப் பாக்ஸ் இ-வேஸ்ட். சந்தாதாரர் வாடகைக்கு வைத்திருந்த பெட்டி என்றால் அது யாருடையது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் கேபிளை யாரும் வாங்க மாட்டேங்குறாங்களே?

வாங்க மாட்டார்கள். உள்ளே இருப்பது தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை, அதைச் சுற்றி ஜெல்லி, நடுவில் கண்ணாடி நார்க் குச்சி. உலோகம் என்று பார்த்தால் சில ரகங்களில் இரும்புப் பட்டை, அவ்வளவுதான். கேபிள் போன குழாய்க்கு விலை உண்டு, ஹெச்டிபிஇ நல்ல பிளாஸ்டிக். அதைப் பிரித்து விற்றுவிட்டு, கேபிளைத் துண்டு போடாமல் சுருளாகவே வைத்து, முறையான கழிவு நிறுவனத்திடம் காசு கொடுத்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. வெட்டும்போது தெறிக்கும் இழைத் துணுக்கு கண்ணுக்குத் தெரியாது, தோலில் ஏறினால் இரண்டு நாள் குத்தும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்த மேசையில் டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள்.

ஒரு கேபிள் சாம்பல் நிறத்துல, தூக்க முடியாத கனத்துல இருக்கு. அது என்ன?

நகத்தால் கீறிப் பாருங்கள். கீறின இடம் வெள்ளி மாதிரி மின்னி, காகிதத்தில் தேய்த்தால் பென்சில் கோடு விழுந்தால் ஈயம். ஜெல்லி கேபிளுக்கு முந்தைய தலைமுறை அது. செம்பு மேல் காகிதம் சுற்றி, வெளியே ஈயக் குழாய் போட்டிருப்பார்கள். காகிதம் நனையாமல் இருக்க எக்ஸ்சேஞ்சிலிருந்து காய்ந்த காற்றை உள்ளே அழுத்தி வைப்பார்கள். கீறிப் பார்த்த பிறகு கையைக் கழுவாமல் வெற்றிலை மடிக்காதீர்கள். இந்த உறையை ஈயம் உருக்க அங்கீகாரம் உள்ள இடத்துக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். வாணலியில் உருக்கி வலைக்குண்டு செய்கிற ஆட்கள் கேட்டு வருவார்கள், கொடுக்காதீர்கள்.

ரோடு தோண்டும்போது பழைய கேபிள் கிடைச்சுது. பத்து வருஷமா உபயோகத்துல இல்ல. அது எனக்குத்தானே?

இல்லை. வாசலில் தொங்கும் வயருக்குச் சொன்ன பதில்தான், இங்கே விளைவு பெரிது. பூமிக்குள் கிடந்தாலும் அது நிறுவனத்தின் சொத்து. எடுத்தவர் மேல் திருட்டு வழக்கும், வாங்கியவர் மேல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் திருட்டுச் சொத்து வாங்கிய வழக்கும் வரலாம். அதோடு 'உபயோகத்தில் இல்லை' என்று மேஸ்திரி சொன்ன கேபிள், பக்கத்துத் தெரு வங்கிக்கு ஓடிக்கொண்டிருந்த கேபிளாக இருந்ததும் உண்டு. தோண்டுவதை நிறுத்தி, படம் எடுத்து, சாலைத் துறைப் பொறியாளருக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு ஆசை என்றால் கணக்கு அப்படி. அரை மில்லிமீட்டர் கம்பி, 100 ஜோடி, ஒரு கிலோமீட்டர் என்றால் செம்பு மட்டும் சுமார் 350 கிலோ. தந்திக் கம்பி காலத்திலேயே இந்தத் தலைவலி இருந்தது. குறிப்பிட்ட கனமுள்ள செம்புத் தந்திக் கம்பியை அனுமதியில்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம் என்று 1950-ல் தனிச் சட்டம் போட்டார்கள். அந்தக் கம்பிகளே இல்லாமல் போனபின் 2023 கடைசியில்தான் அதை நீக்கினார்கள்.

உரிச்சுச் செம்பா வித்துட்டா அது வெறும் செம்பு தானே? கேபிள் விதி எப்படி வரும்?

கெட்டிக்காரத்தனமான கேள்வி, வாரம் ஒருவராவது கேட்கிறார். உரித்து முடித்த செம்பு சாதாரண உலோகம்தான். ஆனால் உரிக்கிற வேலை இருக்கிறதே, அதுவே ஆபத்தான கழிவைப் பதப்படுத்தும் வேலை. அதற்குத்தான் அங்கீகாரம் வேண்டும். உரித்து முடித்ததும் ஜெல்லி ஒட்டிய பாலித்தீன் மூட்டை மூட்டையாக உங்கள் கையில் நிற்கும். செம்பு போய்விட்ட அந்த மூட்டையை எடுக்க ஆள் வராது. கடைசியில் அது ஏரிக்கரைக்குத்தான் போகும்.

இதில் உழைப்பும் கட்டுப்படியாகாது. ஜெல்லி பிளேடில் அப்பிக்கொண்டு உரிக்கும் இயந்திரம் அடிக்கடி நிற்கும். ஆலைகளில் கேபிளை அரைத்து, கழுவி, எடை வித்தியாசத்தில் செம்பையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்கிறார்கள்.

ஏலத்துல ஜெல்லி கேபிள் வருதே, நானும் கலந்துக்கலாமா?

பொதுத்துறை நிறுவனங்கள் பழைய கேபிளை எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் மின் ஏலத்தில் விற்கின்றன. ஜெல்லி கேபிள், பேட்டரி, இ-வேஸ்ட் லாட்டுகளுக்கு அந்தந்த அங்கீகாரம் இருந்தால்தான் கேட்க முடியும். நண்பரின் அனுமதியில் கேட்டுவிட்டுச் சரக்கை நான் எடுத்துக்கொள்கிறேன் என்ற யோசனை வேண்டாம். சரக்கு ஏறும்போது பத்தாம் படிவம் என்ற அனுப்புச் சீட்டு ஏழு பிரதியாகப் போட வேண்டும். எங்கிருந்து, எந்த வண்டியில், யாருக்கு, எவ்வளவு எடை என்று அதில் இருக்கும். பிரதிகள் அனுப்பியவர், வண்டிக்காரர், பெற்றவர், வாரியம் என்று போய்ச் சேரும். பெற்றவர் கையெழுத்திட்ட பிரதி உங்களிடம் திரும்பி வந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

செல்போன் டவரைப் பிரிக்கிறோம். டவர் முழுக்க இ-வேஸ்ட்டா?

டவரின் இரும்புச் சட்டம் இல்லை. அடிவாரத்து அறையிலும் மேலேயும் இருக்கிற பிடிஎஸ் சாதனங்கள், அதாவது செல்போனோடு சிக்னல் பேசுகிற கருவிகள், எல்லாம் உண்டு. அட்டவணையிலேயே 'கோபுரத்தின் கட்டமைப்பு நீங்கலாக' என்று போட்டிருக்கிறார்கள். பேட்டரியும் கேபிளும் மேலே சொன்னபடி தனித்தனி.

மாட்டினா எவ்வளவு அபராதம்?

முன்பு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ன் 15-வது பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று இருந்தது. 2024 ஏப்ரல் முதல் அது பணத் தண்டமாக மாறிவிட்டது, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை. சிறை போய்விட்டதே என்று சிலர் நிம்மதியடைந்தார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்த காலம் போய், அதிகாரியே விசாரித்துத் தண்டம் போடுகிற காலம் வந்திருக்கிறது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. இதற்கு மேல் சுற்றுச்சூழல் இழப்பீடு தனி. இ-வேஸ்ட்டில் அது பதிவில்லாத ஆளோடு நிற்காமல், மீறலுக்குத் துணை போனவரையும் பிடிக்கும்.

பழைய கம்ப்யூட்டர்ல இருக்கிற தகவல்? அதை அவங்களே அழிச்சிடுவாங்களா?

அழிக்கிற கடமை உங்களுடையது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தனியாக முழுவதும் எழுதி அழித்தோ, துளைத்தோ கொடுங்கள். துளைத்தாலும் அது இ-வேஸ்ட்தான், எடை குறையாது. போனில் கணக்குகளிலிருந்து வெளியேறி, ஆரம்ப நிலைக்கு மாற்றி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். எல்லோரும் மறப்பது மோடம். உங்கள் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அதற்குள்ளேயே இருக்கும். பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசியை வைத்துப் பத்து விநாடி அழுத்துங்கள்.

நாங்க அனுப்பின எடை ஒண்ணு, அங்க பதிவான எடை வேற. 140 கிலோ குறையுது. திருடிட்டாங்களா?

இருக்கலாம், ஆனால் முதலில் மண்ணைச் சந்தேகப்படுங்கள். மழைக்காலத்தில் தோண்டிய கேபிள் ஒவ்வொரு அடிக்கும் களிமண்ணைச் சுமந்துகொண்டு வரும். இரும்புப் பட்டை விலகிய இடங்களில் தண்ணீரும் நிற்கும். பத்து நாள் காய்ந்தால் எடை இறங்கிவிடும். எங்களுக்கு ஒருமுறை ஐப்பசியில் ஏற்றிய லோடு இப்படித்தான் குறைந்தது. அனுப்புச் சீட்டில் எழுதிய எடை ஒன்று, ஆலை எடை இன்னொன்று என்பதால் விளக்கக் கடிதம் மட்டும் மூன்று எழுத வேண்டியிருந்தது.

இப்போது தோண்டியதும் அதே இடத்தில் கோணியால் மண்ணைத் துடைத்து, வெட்டிய முனைகளில் டேப் சுற்றி, இரண்டு வாரம் ஷெட்டில் போட்ட பிறகுதான் எடை போடுகிறோம். எடை மேடைச் சீட்டில் வண்டி எண் தெரிகிற மாதிரி ஒரு படம், லாரி காலியாக ஒன்று, ஏற்றிய பிறகு ஒன்று. டிரைவர் டீசல் போடப் போனால் போவதற்கு முன்னால் எடை போட்டோமா, பின்னாலா என்பதையும் சீட்டின் ஓரத்தில் எழுதி வைக்கிறோம்.